காற்றுப் படாத பக்கம்

துணி துவைப்பதற்கு முன் என் மனைவி சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறுவாள். பேனா மூடி, பஞ்சு, மிட்டாய்க் காகிதம் என்று ஏதாவது விழும். அன்று சாயங்காலம் அவளுடைய வேலைக் கோட்டிலிருந்து விழுந்தது ஒரு கண்ணாடித் துண்டு. குளியலறை வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த நான், எடுக்காதீங்க என்று அவள் சொல்வதற்குள் எடுத்துவிட்டேன்.

நான் பெயர்ப்பலகை செய்கிறவன். கடைக்கும் பள்ளிக்கும் எழுத்து வெட்டி, விளக்கு வைத்து, சுவரில் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, துண்டைப் பார்த்தாலே அது என்ன ரகம் என்று கை சொல்லிவிடும். வண்டிகளில் போடுகிற கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டும். இது மீன்முள் போல நீளமாக, ஓரத்தில் கூர் தீட்டியது மாதிரி இருந்தது. வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. எங்கே உடைந்தது என்று கேட்டேன். படகில் ஒரு ஜன்னல் போய்விட்டது, போன வாரம் கொஞ்சம் ஆட்டம், அவ்வளவுதான் என்றாள். குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் திறந்தால் பேச்சு முடிந்தது என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

அவள் ஆஸ்பத்திரிப் படகில் நர்ஸ். அக்கரைத் தீவுகளில் மருத்துவர் தங்குவதில்லை. வாரத்தில் சில நாள் படகு காலையில் போய் மருந்து கொடுத்து, புண் கட்டி, தூக்கிக்கொண்டு வரவேண்டிய நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மாலையில் திரும்பும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. நான் அந்தப் படகில் ஏறியதே இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டும். கடலைப் பற்றி அவளும் வீட்டில் பேசமாட்டாள், நானும் கேட்டதில்லை. தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

ஆனால் அந்தக் கண்ணாடி என்னைக் குடைந்தது. வீட்டுக் கண்ணாடியைப் படகில் போட்ட புத்திசாலி யார்? கடைக்கு அடுத்த விடுமுறை வந்ததும், காலையில் படகு கிளம்புவதற்கு முன் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் படகுத்துறைக்குப் போனேன்.

படகோட்டியை எல்லோரும் 'பாதிப்பேச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் பாதி சொல்லி நிறுத்திவிடுவார். மிச்சத்தை நாம் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இவரும் டீக்கடைக்காரரும் பேசிக்கொண்டால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிவிடும் என்று என் மனைவி சொல்வாள். அவர் என்னைப் படகின் அறைக்குள் இறக்கிவிட்டார். மரத்தால் ஆன படகு, மேலே வெள்ளைப் பூச்சு. இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, அதன் மேல் ரெக்சின் மெத்தை, நோயாளியைக் கட்டிவைக்கப் பட்டைகள். பெஞ்சுக்கு மேலே பக்கத்துக்கு மூன்று ஜன்னல். வலது பக்கம் நடு ஜன்னலில் கண்ணாடி இல்லை. அங்கே ஒரு பிளைவுட் பலகையை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். பழைய கண்ணாடி முன்பே விரிசல் விட்டதாம், அவசரத்துக்கு யாரோ வீட்டுக் கண்ணாடியை வெட்டிப் போட்டார்களாம். அதுவரை புரிந்தது.

அன்று அலை எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டேன். "இடப்பக்கம். திரும்பி வரும்போது எப்பவும் இடப்பக்கம்தான். மத்தியானத்துக்கு மேல காத்து ஏறும், அப்ப..." என்று நிறுத்தினார்.

மிச்சத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. அலை இடது பக்கம் அடித்தால் வலது பக்கம் எப்படி உடையும்? உள்ளே இருந்த ஏதாவது பறந்துபோய் மோதியதா என்று நினைத்தேன். அப்படியென்றால் கண்ணாடி வெளியே போய்க் கடலில் விழுந்திருக்க வேண்டும். மெத்தையின் தையலுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். பொடித் துண்டுகள் நிறைய வந்தன. வெளியிலிருந்துதான் உள்ளே வந்திருக்கிறது. ஆனால் வெளியே அந்தப் பக்கம் காற்றும் இல்லை, அலையும் இல்லை. படகு மறைத்து நின்ற பக்கம் அது. பாதிப்பேச்சிடம் திரும்பக் கேட்டேன். அவர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

என் கடையில் பாதி என் தங்கைக்குச் சொந்தம். எழுத்து வெட்டும் மெஷின் அவள் கையில், ஏணி என் கையில். மறுநாள் நான் கடையின் பின்கட்டில் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டு டப்பா ஒன்றை மிதக்கவிட்டு, முறத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் வந்தால் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன அலைக்கு டப்பா ஏறி இறங்கியது. பெரிதாகத் தள்ளியபோது அலை டப்பாவைத் தூக்கியது. உச்சியில் ஒரு கணம் நிறுத்தியது. பிறகு பக்கவாட்டில் எறிந்தது. டப்பா அலைக்கு அந்தப் புறம் பள்ளத்தில் பட்டென்று விழுந்தது. அலை பட்ட பக்கத்தில் அல்ல, மறு பக்கத்தில். திரும்பத் திரும்பச் செய்தேன். தண்ணீர் வந்து அடிக்கவில்லை. டப்பாதான் போய்த் தண்ணீரில் விழுந்தது. உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீருக்கும் தரைக்கும் என்ன வித்தியாசம்?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு முகம் மாறி, "அப்ப அண்ணி உள்ள இருக்கும்போது படகு இப்படி விழுந்துதாண்ணா?" என்றாள்.

முறத்தைக் கீழே வைத்தேன். அதுவரை எனக்கு அது டப்பாவாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. ஜன்னல் சமாச்சாரமாகவே ஆரம்பித்தேன். கண்ணாடி உடைந்தபோது படகு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதுக்கு என்றாள். மேலே ஒரு மூடி மாதிரி போடலாமென்று பார்க்கிறேன், அளவு தெரிய வேண்டும் என்றேன். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஜன்னல் எனக்குக் கீழ இருந்துது" என்றாள்.

பிறகு தானாகவே சொன்னாள். வலது பெஞ்சில் கால் முறிந்த ஒருவரைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்களாம். இவள் அவர் தலைமாட்டில். படகு தூக்கியபோது வயிறு காலியானது மாதிரி இருந்ததாம். பிறகு சத்தமே இல்லை. இவள் சுவரில் கிடந்தாள். "சுவருதான் தரையா இருந்துது. முகத்துக்கு நேரா கண்ணாடி. அதுக்கு அந்தப் பக்கம் பச்சையா தண்ணி. உள்ள அவ்வளவு வெளிச்சம் இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு நொடி பயமே இல்ல. என்ன இதுன்னு பாத்துட்டே இருந்தேன். அப்புறம் அது உள்ள வந்துடுச்சு." படகு நிமிர்ந்ததும் அந்த மனிதரின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பொறுக்கி எடுத்தாளாம். கூட வந்த மருத்துவர் வாந்தி எடுத்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரியும். கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் தருவதாகத் தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பதில் வேண்டும். வாங்கிக்கொள் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நான் அதையே பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

எல்லா ஜன்னலையும் பலகை போட்டு அடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அதுதான் சுலபம், உறுதி. அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். இருட்டில் நரம்பு தேடி ஊசி போட முடியாது. தவிர, "அலை வர்றது தெரியணும். தெரிஞ்சா நோயாளிகிட்ட, பிடிச்சுக்கோங்கன்னு சொல்லலாம்ல" என்றாள்.

ஆக, ஒளி வர வேண்டும், உடையக் கூடாது. என் தொழிலில் அதிகம் புழங்குவது அக்ரிலிக் என்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு; நாங்கள் தாள் என்போம். பளபளவென்று இருக்கும். ஒரு துண்டை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நட்சத்திரம் மாதிரி விரிந்து இரண்டாகப் போனது. அதே தடிமனில் பாலிகார்பனேட் என்கிற இன்னொரு பிளாஸ்டிக் தாள் ஒரு துண்டு கிடந்தது. வாகன நிறுத்தத்துக்குக் கூரை போட்ட மிச்சம். அதை அடித்ததும் சுத்தியல் எகிறி என் முழங்காலைப் பதம் பார்த்தது. தாளில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். நொண்டிக்கொண்டே போய்த் தங்கையிடம் காட்டினேன்.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை. நீ இதைச் செய்வது, அண்ணியிடம் போயிட்டு வா என்று கதவைத் திறந்துவிடுகிற மாதிரிதானே, இதற்குப் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லித் தொலைக்கலாமே என்றாள். சொன்னால் என் மனைவி கேட்பாளா என்பது வேறு. நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுகூட இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் என்று சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் காலையில் கிளம்பி மாலையில் வருகிறவள் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில், படகை அடுத்த முறை கரையேற்றும்போது பார்க்கலாம், அதற்குள் நீங்களே ஏதாவது செய்துகொள்வதானால் ஆட்சேபணை இல்லை, படகில் ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றார்கள். ஜன்னல் சட்டத்தில் போல்ட் போட ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும். தண்ணீருக்கு மேலே போடுகிற ஓட்டை ஓட்டையில்லை என்று பாதிப்பேச்சும் நானும் பேசி முடித்துக்கொண்டோம். பேசியது பெரும்பாலும் நான்தான்.

அட்டையை ஜன்னலில் வைத்து அழுத்தி, பென்சிலால் விளிம்பைச் சுற்றிவந்து மாதிரி எடுத்தேன். இடப்பக்கத்து அட்டையைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கத்துக்குச் சரியாக வரும் என்று நினைத்து வேலையைச் சுருக்கப் பார்த்தேன். வரவில்லை. ஒரு விரல்கடை தள்ளி நின்றது. நான் தப்பாக வரைந்தேனோ என்று மறுபடி எடுத்தேன். அதே கதை. பிறகுதான் உறைத்தது: படகின் இரண்டு பக்கமும் ஒன்றில்லை. யாரோ ஒருவர் கண்ணளவில், கையால், இந்தப் பக்கம் செய்துவிட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறார். நடுவில் சாப்பிடப் போயிருப்பார் என்று தோன்றியது. அதன்பின் படகின் முன்னால் போய் நின்று பார்க்கும்போதெல்லாம் அதற்கு ஒரு பக்கம் புருவம் தூக்கிய முகம் இருப்பதுபோலத் தெரிந்தது.

ஜன்னலை விடப் பெரிதாகத் தாளை வெட்டி, வெளியிலிருந்து, இருக்கிற கண்ணாடியை மூடிச் சட்டத்தின் மேல் படியும்படி வைத்து, நடுவே ரப்பர் பட்டை கொடுத்து இறுக்குவது என்பது ஏற்பாடு. மேல் விளிம்பில் மட்டும் ரப்பர் வைக்கவில்லை. உள்ளே ஆட்கள் மூச்சு விட்டால் ஆவி படியும், அது போக வழி வேண்டும். வெயிலில் தாள் விரியும் என்பதால் துளைகளைப் போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். யோசிக்காதது ஒன்றுதான். இன்ஜின் அதிர்வில் போல்ட் கழன்றுவிடக் கூடாதே என்று, இரும்பு வேலைக்கு விடுகிற பசையைத் திருகுகளில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். படகு இடப்பக்கமாகத் துறையில் அணைந்திருந்தது. நிற்க வசதி என்று அந்தப் பக்கத்திலேயே ஆரம்பித்து மூன்றையும் மாட்டிவிட்டேன். தூரம் போய் நின்று பார்த்தால் நன்றாகவே இருந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் மயிர் மயிராக விரிசல். சின்னப் பிள்ளை சூரியன் வரைந்த மாதிரி. சுத்தியலுக்கு அசையாத தாளை ஒரு சொட்டுப் பசை தின்றிருந்தது. விரலால் அழுத்தினேன், மூலை கையோடு வந்துவிட்டது. தாள் விற்கிறவருக்குப் போன் செய்தால், அந்தப் பசை இதற்கு விஷம் என்று சாதாரணமாகச் சொன்னார். புதிய தாள் வர நாளாகும். கடையில் மிச்சமிருந்த முழுத் தாள் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மறுநாள் படகு போகிறது, காற்றும் பலமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

எந்தப் பக்கம் போடுவது? திரும்பி வரும்போதுதான் காற்று ஏறுகிறது, நோயாளிகளும் அப்போதுதான் இருக்கிறார்கள். அலை இடப்பக்கம். படகு விழுவது வலப்பக்கம். கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு சாப்பாட்டு டப்பாவை வைத்துப் போட்டது. அதை நம்பி ஆட்கள் உட்காரப் போகிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. அட்டைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு வலப்பக்கத்து அட்டையை எடுத்துக்கொண்டுபோய் மெஷினில் வைத்தாள்.

சாயங்காலம் படகைத் திருப்பி வலப்பக்கமாக அணைக்கச் சொன்னபோது பாதிப்பேச்சுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அலை வருகிற பக்கத்தை விட்டுவிட்டு, என்று ஆரம்பித்து நிறுத்தினார். தரையில் சுண்ணாம்பால் அலையும் படகும் வரைந்து காட்டினேன். தூக்குவது, எறிவது, விழுவது. அவர் குந்தி உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு வாக்கியத்தைக் கடைசிவரை சொன்னார்.

"அன்னைக்கு நான் சுக்கானைத் திருப்புனதாலதான் விழுந்துதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்கு ஜன்னல் மட்டும்தான் தெரியும் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் தலையாட்டினார். பசை இல்லாமல், இரட்டை நட்டு போட்டு நாங்கள் இருவரும் இறுக்கினோம். உள்ளே நின்று அவர் பிடித்துக்கொள்ள, வெளியே நின்று நான் முடுக்கினேன். தாளுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் நான் கடை திறக்கவில்லை என்று சொல்லமுடியாது. திறந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒரு எழுத்தைத் தலைகீழாக ஒட்டினேன். மத்தியானத்துக்கு மேல் எதிர்க் கடையின் தார்ப்பாய் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் தங்கை என் கையிலிருந்து பிசின் டப்பாவை வாங்கிவைத்து, போ என்றாள்.

துறையில் கடல் வெள்ளையாகக் கிழிந்துகொண்டிருந்தது. படகு வர வேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு முறை டீ கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகமில்லை. கடைசியில் ஒரு புள்ளி தெரிந்தது. அலைக்குப் பின்னால் மறையும், வெளியே வரும், மறையும். மறைந்து இருக்கும் நேரத்தில் என் டப்பா எத்தனை முறை விழுந்தது என்று எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். அது கிட்டே வந்ததும் நான் முதலில் தேடியது ஜன்னல்களைத்தான், மனைவியை அல்ல. இப்போது நினைத்தால் எனக்கே விநோதமாக இருக்கிறது.

அணைந்ததும் நோயாளிகளை இறக்கினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், மூச்சு இழுக்கிற ஒரு பெரியவர், துணைக்கு வந்தவர்கள். பாதிப்பேச்சு என்னைப் பார்த்து, "ஒரு தடவை. அன்னைக்கு அளவு இல்ல, ஆனா..." என்று வலப்பக்கம் கையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு கட்டைவிரலை நிமிர்த்தினார்.

என் மனைவி இறங்கவில்லை. உள்ளேயிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள். படகு கட்டியிருந்தாலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக, அது கடலிலிருந்து வந்த ஈரத்தோடு இருக்கும்போது, உள்ளே இறங்கினேன். அவள் தலைமுடியெல்லாம் உப்பு. வலது பெஞ்சில் முழங்காலிட்டு, நடு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிளைவுட்டை எடுத்துவிட்டு உள்பக்கமும் ஒரு தாள் போட்டிருந்தேன். அதற்கும் வெளித் தாளுக்கும் நடுவே, பாதி உயரத்துக்குக் கடல் தண்ணீர் நின்றிருந்தது. மேலே ஆவி போக வழி விட்ட நான், கீழே தண்ணீர் போக வழி விடவில்லை. படகு ஆட ஆட, தண்ணீரின் கோடு சாய்ந்து சாய்ந்து நேரானது.

அடியில் ஒரு துளை போட்டால் வடிந்துவிடும், துளை போடுகிற மெஷின் கடையில் இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்றேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது எனக்கு.

"இப்ப வேணாம். இங்க பாருங்க" என்றாள்.

அவள் விரல் வைத்த இடத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. குனிந்து, அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டப் பார்த்தேன். தண்ணீருக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். பிறகு மெதுவாக, அவற்றுக்குப் பின்னால் ஒரு உடல் உண்டானது. விரல் நகம் அளவுகூட இல்லாத இறால் குஞ்சு. கண்ணாடியால் செய்தது போல இருந்தது. உள்ளே நூல் மாதிரி ஏதோ ஓடுவதுகூடத் தெரிந்தது. மூச்சு இழுத்த பெரியவரின் மகள் விட்டுப்போன பையை எடுக்க வந்தவள் நின்று, எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பாதிப்பேச்சும் படியில் தலையை நுழைத்தார். எப்படி உள்ளே வந்தது என்று யாரோ கேட்டார்கள். சாயங்கால வெயில் தாளில் நேராக விழுந்து, தண்ணீரின் நிழல் என் மனைவியின் முகத்தில் அசைந்துகொண்டிருந்தது. படகு ஒருமுறை ஆடியது. இறால் குஞ்சு எல்லாக் கால்களையும் ஒன்றாக அசைத்து, தாளின் ஒரு ஓரத்திலிருந்து புறப்பட்டு, நிதானமாக மறு ஓரத்தை நோக்கி நீந்த ஆரம்பித்தது.